மீட்டர் காட்டிய ஒண்ணு

நண்டு வாயைத் திறக்கவே கூடாது. அக்கா போட்ட நிபந்தனை அது.

"ஒரு வார்த்தை பேசினாலும் சரி, காதைப் பிடிச்சு வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன்," என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள் அக்கா.

"வீடுதான் பூட்டியிருக்கே, எப்படி விடுவே?"

"பாத்தியா, இப்பவே ஆரம்பிச்சுட்டே!"

நண்டு இரண்டு உதடுகளையும் விரல்களால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காலைக் குளிரில் உதடுகள் ஜில்லென்று இருந்தன.

நண்டு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். பத்து வயதாகியும் ஆள் வளரவில்லை. எந்தச் சந்து பொந்தாக இருந்தாலும் பக்கவாட்டில் நுழைந்துவிடுவாள். அதனால் வந்த பெயர். இன்று பள்ளி விடுமுறை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. வேறு வழியில்லாமல் அக்கா அவளைத் தன்னோடு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வாயைத் திறக்காதே என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. போன தடவை நண்டு பட்டறைக்கு வந்தபோது ஒரு பெரியவர், "என் வண்டி வேலை எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டார். "நடந்துக்கிட்டே இருக்கு சார்," என்றாள் அக்கா. நண்டு சும்மா இருந்திருக்கலாம். "இல்லையே, அதை இன்னும் யாரும் தொடவே இல்லையே!" என்று சொல்லிவிட்டாள். உண்மைதான். ஆனால் அந்தப் பெரியவர் தையத்தக்கா என்று குதித்தார். அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இன்றைக்கு அப்படி எதுவும் நடக்கவே கூடாது. ஏனென்றால் இன்றோடு அக்காவின் தவணை முடிகிறது.

"கொஞ்ச நாள் பார்க்கறேன். சரியா வந்தா வேலையில வெச்சுக்கறேன். இல்லேன்னா வேண்டாம்," என்று சேரும்போதே சொல்லியிருந்தார் முதலாளி. இன்று சாயங்காலம் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே எஞ்சின் என்றால் உயிர். படிப்பு முடிந்து அவள் ஏறி இறங்காத பட்டறை இல்லை. உள்ளே விட்டது இந்த ஒரு பட்டறைதான். இங்கேயும் ஒரு முறை எண்ணெய் மூடியைப் போட மறந்து, எஞ்சின் முழுக்க எண்ணெய் தெறிக்க வைத்துவிட்டாள். இன்னொரு தப்பு வந்தால் அவ்வளவுதான் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். நேற்று இரவு சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

முதலாளி என்றதும் பெரிய மீசையோடு ஒருவர் வருவார் என்று நினைக்காதீர்கள். அம்மாவின் வயதுள்ள ஒரு பெண்மணி அவர். நெற்றியில் மூக்குக் கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு ஸ்பேனர். பேச்சுதான் ரொம்பக் குறைவு. சரி என்பதற்கும் "ம்", சரியில்லை என்பதற்கும் "ம்". எது எந்த "ம்" என்று கண்டுபிடிப்பது கேட்பவர் பாடு.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டறை வாசலில் ஒரு ரொட்டி வண்டி நின்றது. அதைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். பக்கத்தில் ரொட்டிக்கடை மாமா குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு புலம்பிக்கொண்டிருந்தார்.

"காலையில சாவியைத் திருப்பினா கிர்ர் கிர்ருனு இருமுது, அதோட சரி. வெயில் ஏறினப்புறம் ஒண்ணுமே தெரியாத பிள்ளை மாதிரி கிளம்புது. ஜனங்க ரொட்டி திங்கறது காலையிலதானே? மத்தியானம் கொண்டுபோனா என் தலையிலயா அடுக்கிக்கறது?"

"ம்," என்றார் முதலாளி. பிறகு அக்காவைப் பார்த்தார். "குளிர்லதான் மக்கர் பண்ணுது. ஹீட்டர் பிளக்கைப் பாரு. நான் வர்றதுக்குள்ள என்னன்னு கண்டுபிடிச்சு வை. தேவைப்பட்டா அலமாரியில புதுசு இருக்கு."

பெரிய சாலையில் ஒரு லாரி நின்றுபோயிருந்தது. அதைப் பார்க்க அவர் கிளம்பினார். போகும்போது பட்டறையின் பெரிய மீட்டரையும் எடுத்துக்கொண்டார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வண்டியின் முன்மூடியைத் திறந்தாள்.

டீசல் எஞ்சினுக்கு உள்ளே காற்று நன்றாகச் சூடானால்தான் டீசல் பற்றிக்கொள்ளும். குளிர் நாளில் அந்தச் சூடு லேசில் வராது. அதற்குத்தான் ஹீட்டர் பிளக். விரல் நீளத்தில் ஒரு கம்பி. சாவியைத் திருப்பியதும் அதற்குள் மின்சாரம் பாய்ந்து நுனி செக்கச்செவேல் என்று காயும். இந்த வண்டியில் அப்படி நான்கு பிளக்குகள் வரிசையாக இருந்தன. உள்ளே கம்பி அறுந்துபோனால் பிளக் செத்தது. வெளியிலிருந்து பார்த்தால் உயிரோடு இருப்பதற்கும் செத்ததற்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய மீட்டர் போய்விட்டதால், இழுப்பறையைத் துழாவி ஒரு சின்ன மஞ்சள் மீட்டரை எடுத்தாள் அக்கா. அதை அவள் இதுவரை தொட்டதில்லை. சிவப்பாக ஒரு கம்பி, கறுப்பாக ஒரு கம்பி, நடுவில் திருகும் ஒரு குமிழ், மேலே எண்கள் தெரியும் சின்னத் திரை. பெரியதைப் போலத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நான்கு பிளக்குகளையும் இணைத்திருந்த தகட்டைக் கழற்றினாள். கறுப்பு முனையை எஞ்சின் உடம்பில் வைத்தாள். சிவப்பு முனையை முதல் பிளக்கின் தலையில் வைத்தாள்.

"நண்டு, திரையைப் பாத்து விரல்ல காட்டு. நல்ல பிளக்குன்னா ஒண்ணுகிட்ட காட்டணும்."

நண்டு ஒரு விரலைக் காட்டினாள். ஒன்று.

இரண்டாவது பிளக். ஒன்று. மூன்றாவது பிளக்கில் நண்டு என்ன காட்டுவது என்று தெரியாமல் விழித்தாள். அக்கா எட்டிப் பார்த்தாள். 0.9 என்று இருந்தது. நான்காவது மறுபடியும் ஒன்று.

"மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. இவன் மட்டும் வேற சொல்றான்," என்று அக்கா மூன்றாவது பிளக்கைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "இவன்தான் வேலையைக் காட்டுறான் போல."

பிளக்கைக் கழற்றுவது என்றால் கவனம் தேவைப்படும் வேலை. பலம் கூடிப்போனால் பாதியில் முறிந்து நுனி எஞ்சினுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் எஞ்சினைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியாது. அக்கா எண்ணெய் விட்டு ஊறவைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் திருகினாள். நண்டும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, பிளக் முழுசாக வெளியே வந்தது.

"கிடைச்சிருச்சாம்மா திருடன்?" என்று வாசலிலிருந்து கேட்டார் மாமா.

"கிடைச்சுட்டான் மாமா!"

அக்கா அலமாரியைத் திறந்து புதுப் பிளக் ஒன்றை உறையிலிருந்து எடுத்தாள். மாட்டுவதற்கு முன்னால் ஒரு முறை சோதித்துவிடலாம் என்று மீட்டரை வைத்தாள்.

0.9.

அக்காவின் முகம் மாறியது. மீட்டரைத் தட்டினாள். மறுபடி வைத்தாள். அதே எண்.

"புதுசே கெட்டுப்போச்சா?"

இன்னொரு உறையைக் கிழித்தாள். அந்தப் பிளக்கும் 0.9 என்றே காட்டியது. அக்கா கிழிந்த உறையைப் பிளக்கின் மேலேயே திரும்பச் சுற்றப் பார்த்தாள்.

"ரெண்டு உறையைப் பிரிச்சுட்டேன். நான்தான் எதையோ பண்ணிக் கெடுத்துட்டேன்னு நெனைப்பாங்க," என்று முணுமுணுத்தாள். "அய்யோ, இன்னிக்குப் பாத்தா இப்படி ஆகணும்?"

நண்டுவுக்கு அழுகை வந்தது. அக்கா இப்படிப் பயந்து அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் கரப்பான்பூச்சியைக் கையால் பிடித்து வெளியே போடுகிற அக்கா இவள்.

மாமா எழுந்து வந்தார். "புதுசும் சரியில்லைன்னா கோளாறு வேற எங்கேயோ இருக்கும்மா. எஞ்சினைப் பிரிச்சே பாத்துடுங்க. நாளைக்கு ரொட்டி போகலைன்னா ஜனங்க என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க."

"இருங்க மாமா, முதலாளிக்குப் போன் பண்ணிடறேன். புதுப் பிளக் எல்லாமே கெட்டதா வந்திருக்குன்னு சொல்லிடறேன்."

அக்கா மீட்டரை மேஜையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

நண்டுவின் கைகள் சும்மா இருக்காது. பதற்றம் வந்தால் எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கும். மேஜையில் கிடந்த மீட்டரின் இரண்டு கம்பிகளையும் எடுத்து முனைகளை ஒட்டினாள். 0.2. பிரித்தாள். ஒன்று. ஒட்டினாள், 0.2. பிரித்தாள், ஒன்று.

நண்டு திரையை உற்றுப் பார்த்தாள். கம்பிகள் இப்போது எதையும் தொடவில்லை. அந்தரத்தில் தொங்குகின்றன. அப்படியானால் இந்த ஒன்று எங்கிருந்து வருகிறது? அது திரையின் இடது ஓரத்தில், புள்ளி இல்லாமல், துணைக்கு வேறு எண்ணும் இல்லாமல் தனியாக நின்றது.

மர மேஜையில் முனைகளை வைத்தாள். ஒன்று. பிளாஸ்டிக் வாளியில் வைத்தாள். அதற்கும் ஒன்று. தன் சாப்பாட்டு டப்பாவின் எவர்சில்வர் மூடியில் வைத்ததும் எண் சட்டென்று 0.3க்கு இறங்கியது.

மரத்தில் மின்சாரம் போகாது. பிளாஸ்டிக்கிலும் போகாது. எவர்சில்வரில் போகும். அது பள்ளியில் படித்ததுதான். மின்சாரம் போகாத இடத்தில் எல்லாம் இந்த மீட்டர் ஒன்று என்கிறது. அப்படியென்றால் ஒன்று காட்டிய அந்த மூன்று பிளக்குகளும்?

நண்டு வாயைத் திறந்தாள்; சட்டென்று கையால் மூடிக்கொண்டாள்.

சொல்ல வேண்டும். ஆனால் வாயைத் திறக்கக் கூடாதே! மாமா வேறு பக்கத்தில் நிற்கிறார். போன தடவை உண்மையைச் சொல்லித்தானே அக்காவை மாட்டிவிட்டாள்? இப்போது மாமாவின் முன்னால் "அக்கா, நீ தப்பாப் பாத்துட்டே" என்றால், அதை அவர் முதலாளியிடம் சொன்னால், அக்காவின் வேலை தன்னால் போய்விட்டால்? சொல்லாமல் இருந்தால் மட்டும்? நல்ல பிளக்கைக் கெட்டது என்று அக்காவே முதலாளியிடம் போனில் சொல்லிவிடுவாள். இரண்டு பக்கமும் பயமாக இருந்தது.

அவள் அக்காவின் சட்டையை இழுத்து மேஜையைக் காட்டினாள்.

"விளையாடாதே நண்டு!" அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடியும் எண்ணை அழுத்தினாள்.

"பாவம், குழந்தைக்குப் பசி போல," என்று மாமா தன் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினார். "இந்தா பாப்பா, சாப்பிடு."

நண்டு பன்னை வாங்கினாள். ஒரு நொடி யோசித்தாள். பிறகு சிவப்பு முனையை இந்தப் பக்கமும் கறுப்பு முனையை அந்தப் பக்கமும் பன்னில் நறுக்கென்று குத்தினாள்.

"ஐயையோ! என் பன்னுக்கு ஊசி போடுறாளே!" என்று அலறினார் மாமா.

அக்கா போனோடு திரும்பினாள். அவள் மூக்குக்கு நேராக மீட்டரைத் தூக்கிப் பிடித்தாள் நண்டு. திரையில் ஒன்று.

அக்கா திரையைப் பார்த்தாள். பன்னைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"பன்னுக்கும் ஒண்ணா?"

நண்டு வேகமாகத் தலையாட்டினாள். முனைகளைப் பன்னிலிருந்து பிடுங்கிக் காற்றில் பிடித்துக் காட்டினாள். ஒன்று. எவர்சில்வர் மூடியில் வைத்துக் காட்டினாள். 0.3.

மறுமுனையில் இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது. அக்கா சட்டென்று போனை அணைத்தாள்.

"பெரிய மீட்டர்ல கம்பி அறுந்திருந்தா எண்ணுக்குப் பதிலா எழுத்து வரும். இதுல ஒண்ணு வருது," என்றாள் மெதுவாக. "நண்டு... இந்த மீட்டர்ல ஒண்ணுன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்! செத்த மூணையும் நல்லதுன்னு விட்டுட்டு, நல்லா இருந்த ஒருத்தனைத் திருடன்னு பிடிச்சுட்டேனே! வாயைத் திறந்து சொல்லக் கூடாதாடி?"

"நீதானே பேசக் கூடாதுன்னே?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நண்டுவின் தலையை எண்ணெய்க் கையோடு கட்டிக்கொண்டாள். மாமாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"அப்ப என் பன் நல்லாத்தானே இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

வேலை அதோடு முடிந்துவிடவில்லை. செத்த மூன்றையும் கழற்ற வேண்டும். முதல் இரண்டும் சொன்னபடி கேட்டன. கடைசிப் பிளக் அசைய மாட்டேன் என்றது. அக்கா எண்ணெய் விட்டாள், காத்திருந்தாள், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்தாள். திடீரென்று 'கட்டக்' என்று ஒரு சத்தம். முறிந்தே போய்விட்டது என்று நண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது பிளக் இளகி அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அலமாரியிலிருந்து இன்னொன்றையும் எடுத்து, புதிது மூன்றையும் போட்டாள். நல்ல பிளக்கை அதன் பழைய இடத்திலேயே மாட்டினாள். தகட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி வந்துவிட்டார்.

கிழிந்த உறைகளையும் மேஜையில் கிடந்த பிளக்குகளையும் அவர் பார்த்தார். மீட்டருக்குப் பக்கத்தில் ஓட்டையோடு கிடந்த பன்னையும் பார்த்தார்.

"என்ன?"

"மூணு பிளக் போயிருந்துச்சு முதலாளி. மாத்திட்டேன்."

அதோடு நிறுத்திக்கொள் அக்கா, என்று நண்டு மனசுக்குள் கெஞ்சினாள். அதுதான் உண்மையாயிற்றே. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லையே.

அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "முதல்ல தப்பாப் பாத்துட்டேன். இந்தச் சின்ன மீட்டர் கம்பி அறுந்தாலும் ஒண்ணு காட்டும்னு எனக்குத் தெரியலை. முனை ரெண்டையும் ஒட்டியும் பிரிச்சும் பாத்துட்டு ஆரம்பிச்சிருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன். நல்ல பிளக்கைக் கழட்டிட்டேன். புதுசு எல்லாமே கெட்டதுன்னு உங்களுக்குப் போன்கூடப் பண்ணினேன். கண்டுபிடிச்சது என் தங்கச்சிதான்."

முதலாளி நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். கழற்றிய மூன்று பிளக்குகளையும் ஒவ்வொன்றாகச் சின்ன மீட்டரில் வைத்துப் பார்த்தார். ஒன்று. ஒன்று. ஒன்று.

"ம்," என்றார்.

அது எந்த "ம்"? நண்டு அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கும் தெரியவில்லை.

"கிளப்பு."

வெயில் இன்னும் ஏறவில்லை, எஞ்சினும் குளிர்ந்தே இருந்தது. அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைப் பாதி திருப்பினாள். சுருள் கம்பி போன்ற ஒரு சின்ன விளக்கு மஞ்சளாக எரிந்தது. உள்ளே பிளக்குகள் காய்ந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அது அணைகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தார். நண்டு எஞ்சினையே முறைத்தாள். இருமித் தொலைக்காதே, தயவுசெய்து இருமித் தொலைக்காதே.

விளக்கு அணைந்தது. அக்கா சாவியை முழுதாகத் திருப்பினாள்.

கிர்ர்... என்று ஒரே ஒரு இழுப்பு. அவ்வளவுதான்! டக டக டக டக என்று எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை குபுக்கென்று கிளம்பியது. மாமா தொப்பியை மேலே எறிந்துவிட்டு, நண்டுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினார்.

அக்கா மட்டும் ஆடவில்லை. வண்டி கிளம்பிவிட்டது, சரி. வேலை என்ன ஆகும்? அவள் கீழே இறங்கிக் கையைக் கழுவினாள். கழுவின கையையே திரும்பவும் கழுவினாள். சாயங்காலம் வரைக்கும் தாங்காது என்று அவளுக்குத் தோன்றியது. முதலாளியின் முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி, என் வேலை விஷயம்..."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. பொறு என்று கையைக் காட்டிவிட்டு அதை எடுத்தார்.

"ம்... ம்... டீசல் வண்டிதானே? திங்கக்கிழமை கொண்டு வாங்க. இல்லைங்க, அன்னிக்கு நான் வெளியூர் போறேன். அதனால என்ன? எங்க மெக்கானிக் இருப்பாங்க. அவங்க பாத்துக்குவாங்க."

மெக்கானிக்கா? அக்கா யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவரில் சாத்தி வைத்த டயர்கள்தான் இருந்தன. ஒருவரும் இல்லை.

முன்னால் திரும்பினாள். முதலாளி போனை மூடிவிட்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் பட்டறைச் சாவி இருந்தது.

"யாரைச் சொன்னாங்க?" என்று அக்கா நண்டுவிடம் காற்றுக் குரலில் கேட்டாள்.

"உன்னைத்தான் அக்கா!" என்று நண்டு போட்ட கத்தல், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சத்தத்தையும் தாண்டித் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.